வலது இடுப்பு ஒரு விரல் உயரம்

ஜனவரி 9

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

'அன்புள்ள' என்பது ஜெராக்ஸ் கடைக்காரர் போட்டது. நான் சொல்லவில்லை. அழிக்கச் சொல்லவும் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குப் புதுச் செய்தியா என்ன? நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். யாராவது நகல் எடுக்க வந்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறார். ஆகையால் பேச்சு அங்கங்கே அறுந்திருந்தால் குற்றம் என்னுடையது அல்ல. போனில் பேசலாம் என்றால், நான் கத்துவது தெரு முழுக்கக் கேட்கும், உன் காதுக்கு மட்டும் கேட்காது.

நீ தங்கை வீட்டுக்குக் கிளம்பிய அன்று நடந்தது அப்படியே என் தலையில் இருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. பையின் ஜிப் பாதியில் சிக்கியது. அதை இழுத்துக்கொண்டே நீ, "வயசான காலத்துல சட்டையக் கழட்டிட்டு சின்னப் பொண்ணுங்க முன்னாடி நிக்கிறதுக்குப் பேரு வேலையா? என்னால வெளிய தலை காட்ட முடியல" என்றாய். நான், "கழட்டுனது சட்டையத்தானே" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போதுதான் ஜிப் பிய்ந்தது.

என்ன வேலை என்று நீ கடைசிவரை கேட்கவே இல்லை. இப்போது கேள். மருத்துவக் கல்லூரி மாடியில் ஒரு நீள அறை. நடுவில் மேஜை உயரத்தில் ஒரு கட்டில். நான் நிற்பேன், குனிவேன், குப்புறப் படுப்பேன். டாக்டராகப் போகிற பிள்ளைகள் தோலுக்கு மேலேயே தடவி எலும்பைக் கண்டுபிடிக்க வேண்டும். குனிந்தால் பிடரியில் புடைக்கும் எலும்பு, தோள்பட்டை எலும்பின் கீழ் முனை, இடுப்பெலும்பின் விளிம்பு, அதற்குக் கீழே முதுகில் இருக்கிற இரண்டு குழிகள், முட்டிச் சில்லு, கணுக்காலின் இரு பக்க முட்டு. கண்டுபிடித்த இடத்தில் ஊதாப் பேனாவால் புள்ளி வைப்பார்கள். பிறகு புள்ளிகளைப் பார்த்து இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண்பிள்ளைகள் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. போன வாரம் வாசலில் ஒருத்தி என்னிடமே வந்து, "ஐயா, அந்த மாடல் வந்துட்டாரா?" என்று கேட்டாள். சட்டை போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

நான் போய்க் கேட்டு வாங்கிய வேலையும் இல்லை. அங்கே வராந்தாவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தோம். வெயிலுக்கு எல்லோரும் வெறும் உடம்போடு ஏணியில் நின்றோம். அந்த வகுப்பு எடுக்கிற டாக்டரம்மா கீழே நின்று பார்த்தாள், பார்த்தாள், என்னை மட்டும் இறங்கச் சொன்னாள். அத்தனை பேரில் ஒருவனை எடுத்தாள் என்றால், என் எலும்பு அவர்கள் புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதில் தலை காட்ட முடியாமல் போக என்ன இருக்கிறது?

நீ வந்துவிடு. எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 17

வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் வாயில் 'ஆகையால்' எப்போது முளைத்தது? இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சைவிட அந்தக் கடிதம் நீளம். என் தங்கை படித்துவிட்டு, "யாருக்கா இந்த மனுஷன், நல்லாப் பேசுறாரே?" என்கிறாள்.

எலும்பு புத்தகத்தில் உள்ளபடி இருந்தால் புத்தகத்தையே பார்த்துக்கொள்ளட்டுமே, நீங்கள் எதற்கு? வேலையை விடுங்கள், வருகிறேன். அதற்கு முன்னால் வர மாட்டேன். காய்கறிக் கடையில் ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் காலேஜ்ல படிக்கிறாராமே" என்று சிரித்தாள். அது எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

கடைக்காரரே, இதற்குப் பிறகு வருவதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் படிக்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? சரி, படியுங்கள், மெதுவாகப் படியுங்கள். எனக்கு வலது இடுப்பின் பக்கவாட்டில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இங்கே அடுத்த தெரு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, தினமும் கொஞ்சம் நடங்கள், காலை மடக்கி நீட்டுங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். நானும் பெரிதாகச் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாத வலி கூடுதலாக வலிக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரி


ஜனவரி 24

வீட்டுக்காரிக்கு,

உன் வலியைக் கடைக்காரர் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. அந்த டாக்டர் ஒரு கை வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? இங்கே ஒரு வகுப்பே கை வைத்துப் பார்க்கிறது.

நீ பயப்படாதே. என்னிடம் வழி இருக்கிறது. பெயிண்ட் கடையில் நிறத்துக்கு ஒரு மாதிரி அட்டை வைத்திருப்பார்களே, எந்த நிறம் கலந்தாலும் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தானே பார்ப்பார்கள்? கெட்டுப்போன நிறத்தை எவனாவது மாதிரி அட்டையில் ஒட்டுவானா? மாட்டான். இந்தக் கல்லூரிக்கு மாதிரி அட்டை நான். அதனால் உன் எலும்பை என் எலும்போடு ஒப்பிட்டால் உன்னிடம் எது பிசகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சொல்கிறபடி செய். நேராக நில். இரண்டு கையையும் இடுப்பில் வை. விரல்களைக் கீழே அழுத்தினால் எலும்பின் மேல் விளிம்பு தட்டும். கட்டை விரலைப் பின்னால் கொண்டு போனால் முதுகின் அடியில் இரண்டு குழி. உன் தங்கையைப் பின்னால் நின்று பார்க்கச் சொல். என் உடம்பில் நான் தடவிப் பார்த்துவிட்டேன். வலது பக்கம் இடது பக்கத்தைவிட ஒரு விரல் உயரம். அந்தப் பிள்ளைகளும் வலது பக்கப் புள்ளியை உயர்த்தித்தான் வைக்கிறார்கள், தோலில் தெரிகிறது. தோள்பட்டை எலும்பும் அப்படியே, வலதுதான் உயரம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வைக்கிறார்கள் என்றால் அதுதான் முறை.

உனக்கு எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. ஒரு விரல் என்பது என் விரலா, உன் விரலா என்று கடைக்காரர் கேட்கிறார். எனக்கும் அது இப்போதுதான் தோன்றுகிறது. நடுவாக வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 2

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தால் இந்த வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்தது. தங்கை தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நேரா நில்லுக்கா."

"நேராத்தான்டி நிக்கிறேன்."

"அவரு சொல்ற வலது உன் வலதா, என் வலதா?"

"நீ எனக்குப் பின்னாடிதானே நிக்கிற? ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப கண்ணாடில தெரியுறது?"

"அதுல தெரியுறது என் வலதுதான், ஆனா இடது மாதிரி இருக்கு."

"அவரு குப்புறப் படுத்துக்கிட்டு வலதுன்னு சொல்லியிருந்தா?"

எனக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளே ஒரு வேலை செய்தாள். முதுகுக் குழியில் வைத்த என் இரண்டு கட்டை விரல் மேலும் நீள ஸ்கேலை வைத்து, அதன் மேல் பாதித் தண்ணீர் இருக்கிற பாட்டிலைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஒரு பக்கமும் சாயவில்லை. சமமாக நின்றது. தோள்பட்டையும் டேப் வைத்துப் பார்த்தாள், சமம்தான்.

சமமாக இருக்கக் கூடாதா? நான் இவ்வளவு நாள் சமமாக இருப்பதுதான் நல்லது என்று நினைத்திருந்தேன். தங்கை, "பக்கத்து வீட்டம்மாவையும் அளந்து பாக்கலாமாக்கா?" என்றாள். அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வலது இடுப்பு இறங்கிவிட்டதா? அதனால்தான் வலிக்கிறதா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 8

வீட்டுக்காரிக்கு,

எனக்குத் தெரியும். உன் வலது இடுப்பு ஒரு விரல் இறங்கிவிட்டது. ஏணியின் ஒரு கால் பள்ளத்தில் நின்றால் என்ன செய்வோம்? அடியில் கட்டை வைப்போம். அதேபோல் வலது செருப்புக்குள் கனமான அட்டையை மடித்து வை. விரல் கனம் இருக்கட்டும். இடுப்பு தானாக ஏறி நிற்கும். நடையைக் குறைத்துக்கொள்.

டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்கவைத்துப் பாடம் நடத்துகிறவளிடம் போய், என் வீட்டுக்காரி வேறு மாதிரி இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? உன்னைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நேற்று ஒன்று நடந்தது, இன்னும் புரியவில்லை. என் பிடரி எலும்பிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்கள். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே குண்டு. பிள்ளைகள் எல்லோரும் பின்னால் கூடி நின்று 'ஓ' என்றார்கள். எதற்கு என்று வழியெல்லாம் யோசித்தேன். அந்தக் கட்டடம் பழசு, தரை சரிந்திருக்க வேண்டும். என்னை வைத்து அறையைச் சரிபார்க்கிறார்கள் போல.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 20

வீட்டுக்காரருக்கு,

படுக்கையில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், கடைக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும்.

அட்டை வைத்தேன். முதல் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. எலும்பு ஏறுகிறது போல என்று பொறுத்தேன். அதற்கப்புறம் ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது வலது கால் தரையை நான் நினைத்ததற்கு முன்பே தொட்டுவிட்டது. உருண்டேன். இடது கணுக்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. தங்கை அழுதுகொண்டே ஆட்டோ பிடித்து அதே டாக்டரிடம் கொண்டு போனாள். அவர் கணுக்காலின் இரண்டு பக்க எலும்பு முட்டுகளையும் பின்பக்கமாக ஒவ்வொன்றாய் அழுத்தினார், பாதத்தின் ஓரத்தை அழுத்தினார், எழுந்து நாலு அடி வைக்கச் சொன்னார். உடையவில்லை, சுளுக்குத்தான் என்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்ன அட்டை? யார் வைக்கச் சொன்னா?"

"எங்க வீட்டுக்காரருங்க. மெடிக்கல் காலேஜ்ல இருக்காரு."

"அப்படியா? எந்த டிபார்ட்மெண்ட்?"

"எலும்புங்க."

"எலும்பு டாக்டரா?"

"இல்லீங்க. எலும்பு."

அவருக்குப் புரியவில்லை. என் தங்கைதான் எல்லாவற்றையும் சொன்னாள், கொஞ்சம் கூட்டியே சொன்னாள். அவர் என்னை நிற்கவைத்து, பேனாவால் இடுப்பிலும் முதுகிலும் புள்ளி வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு எல்லாம் சமமாத்தான் இருக்கு. சமமாத்தான் இருக்கணும்" என்றார். வலி எலும்பு உயரத்தால் வந்தது இல்லையாம். தொடை எலும்பு பக்கவாட்டில் முட்டுகிற இடத்தில் வீக்கமாம். நடந்திருந்தால் இந்நேரம் பாதி குறைந்திருக்குமாம்.

புள்ளி வைக்கும்போது எனக்கு உடம்பு கூசும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் கூசவில்லை. அவர் என்னைப் பார்த்த மாதிரியே இல்லை. நான் துணி வெட்டுவதற்கு முன் துணியைப் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தார். உங்களை அங்கே இப்படித்தான் பார்க்கிறார்களா? இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லையோ? எனக்கு எதுவும் வரிசையாக ஞாபகம் வரவில்லை.

நீங்கள் இங்கே ஓடி வர வேண்டாம். வாசல்படி மிதிக்கக் கூடாது என்று தங்கை கத்திக்கொண்டிருக்கிறாள். ஒன்று மட்டும் செய்யுங்கள். டாக்டரம்மாவிடம் உங்கள் முதுகை உங்களுக்கே காட்டச் சொல்லிப் பாருங்கள். அதில் இருப்பதை நான் எழுதினால் கடைக்காரர் வாயால் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 1

வீட்டுக்காரிக்கு,

நீ விழுந்ததைக் கேட்டு நான் சொன்னதையெல்லாம் கடைக்காரர் எழுத மறுத்துவிட்டார். என்னை நானே திட்டியதுதான், ஆனாலும் எழுதக் கூடாதாம். உன் தங்கை சொல்வது எல்லாம் சரி. அவள் கூட்டிச் சொன்னதும் சரி.

மறுநாளே டாக்டரம்மாவிடம் கேட்டேன். "என் முதுகை நான் பாக்கணும்மா" என்றேன்.

"ஏன், வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்ல. அதுல என்ன இருக்கு?"

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்! இத்தனை வயசு வரைக்கும் யாருமே சொல்லலையா?"

"என்னன்னு சொல்லணும்?"

"முதுகுத்தண்டு வளைஞ்சிருக்குங்கய்யா. எஸ் மாதிரி."

"எஸ் எப்படி இருக்கும்?"

அவள் காற்றில் விரலால் போட்டுக் காட்டினாள். பாம்பு ஊர்கிற மாதிரி போட்டாள். பிறகு முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி பிடிக்கவைத்தாள். முதலில் யாரோ ஒருவன் முதுகு தெரிந்தது. "இது யாரு?" என்று கேட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிடரியிலிருந்து ஊதாப் புள்ளிகள் இறங்கின. பாதி வழியில் வலது பக்கம் ஒதுங்கின, கீழே வந்து இடது பக்கம் திரும்பின. தூக்குக்குண்டின் நூல் நேராகத் தொங்கியது. புள்ளிகள் அதைவிட்டு எங்கோ போயின. வலது தோள்பட்டை எலும்பு கதவு திறந்த மாதிரி வெளியே நின்றது.

நூல் பிடிக்காமல் சுவரில் நேர்கோடு இழுப்பவன் நான். மூன்றாம் மாடி வராந்தாவில் நான் இழுத்த பச்சைக் கோட்டை என்ஜினீயர் மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார், அவர் சட்டைப் பையில் மை கசிந்திருந்தது முதற்கொண்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணால் பார்த்த எதையும் நான் விட்டதில்லை. இதைப் பார்க்கவே இல்லை.

ஏணியில் என்னை அவள் பார்த்தது அதனால்தான். நல்ல எலும்பு என்று எடுக்கவில்லை. கோணல் எலும்பு என்று எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் நான் நிற்கிறேன். அந்தக் கோணலை முறை என்று நினைத்து உன் நேரான உடம்பைக் கெடுத்தேன். இதை எப்படி யோசித்தாலும் முடிவு வரமாட்டேன் என்கிறது. நான் நோயாளியா? வலியே இல்லையே. நோய் இல்லாதவனா? அப்படியானால் எதற்கு 'ஓ' என்றார்கள்?

நீ இத்தனை வருஷம் சோப்புப் போட்ட முதுகு. உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

வேலையை விடப்போகிறேன். நீ கேட்டதுதான். ஆனால் நீ கேட்டதற்காக இல்லை.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

வீட்டுக்காரருக்கு,

தெரியும்.

கல்யாணமான புதிதில் உங்களுக்கு ஒரு சட்டை தைத்தேன். போட்டதும் வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் தூக்கியது. துணி மேல் சந்தேகப்பட்டேன், கத்தரி மேல் சந்தேகப்பட்டேன், எனக்குத் தைக்கவே தெரியாதோ என்று நினைத்தேன். பிறகு நீங்கள் குனிந்து வாளியைத் தூக்கியபோது முதுகைப் பார்த்தேன். அடுத்த சட்டையில் வலது பக்கம் கொஞ்சம் நீளம் கூட்டி வெட்டினேன். சரியாகத் தொங்கியது. அன்றிலிருந்து எல்லாச் சட்டையும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்துப் பாருங்கள்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். உங்கள் மனம் நோகும் என்றா? அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. இரக்கமா? அதுவும் இல்லை. சட்டை சரியாக நின்றது, காரியம் முடிந்தது என்று விட்டுவிட்டேன் போல. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுகூட நினைத்திருக்கலாம். சொந்த உடம்பு ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் யோசித்தேன். காய்கறிக் கடையில் ஒருத்தி சிரித்ததற்காக நான் பையைத் தூக்கினேன் என்று உங்களிடம் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அந்த முதுகை நான் ஒருத்திதான் பார்த்திருந்தேன். இப்போது ஒரு வகுப்பே பார்க்கிறது, பெயர் வைத்துப் பேசுகிறது. அது எனக்கு என்னவோ செய்தது. கோபமா என்னவென்று தெரியவில்லை. கடைக்காரரே, இதை இரண்டு தடவை படிக்க வேண்டாம்.

வேலையை என் பொருட்டு விட வேண்டாம். நான் ஒரு தடவை புள்ளி வைத்துக்கொண்ட பிறகு, அதைக் கேவலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பொருட்டு விடுவதென்றால் விடுங்கள். ஆனால் எதற்காக வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஏணியில் ஏறினீர்கள், வாளி தூக்கினீர்கள், கோடு நேராகத்தானே வந்தது?

கால் ஊன்ற முடிகிறது. நடக்கிறேன். இடுப்பு வலி குறைகிறது. எப்போது வருவேன் என்று கேட்காதீர்கள், தங்கை பக்கத்தில் நின்று படிக்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 16

வீட்டுக்காரிக்கு,

எல்லாச் சட்டையையும் தரையில் விரித்தேன். நீலம், கோடு போட்டது, பெயிண்ட் பட்டது, கிழிந்தது. நீ சொன்னது உண்மை. ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு நான் எங்கெங்கே நின்றேன் என்று ஞாபகம் வந்தது. எல்லா இடத்திலும் நேராக நின்றதாகத்தான் ஞாபகம்.

அதற்குப் பிறகு வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அறையில் பரீட்சைக்கு முந்தைய ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நில்லுங்கய்யா, ஆள் இல்ல" என்றாள். நின்றேன். கண்ணாடி போட்ட உயரமான ஒருவன் வந்தான். கை ஜில்லென்று இருந்தது. பிடரியைத் தொட்டான், தோள்பட்டையைத் தொட்டான், இடுப்பில் கை வைத்த மாதிரி வைத்து உடனே எடுத்துவிட்டான். என் முன்னால் தமிழில் பேச வேண்டும் என்று இப்போது உத்தரவாம், நான் கேட்டுக்கொண்டதிலிருந்து.

"சொல்லு, என்ன பாத்த?" என்றாள் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் சமமா இருக்கு. நேரா இருக்காரு."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? இத்தனை நாள் தூங்காமல் கிடந்ததற்கு ஒருவன் வந்து நேர் என்கிறான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்துக் கத்திவிட்டேன்:

"எங்கடா நேரு? அப்ப எங்க வீட்டுக்காரி இத்தனை வருஷமா எதுக்குடா வலது பக்கம் நீட்டித் தைச்சா? அவளுக்குத் தைக்கத் தெரியாதுங்கிறியா?"

அந்தப் பையன் பயந்துபோய், "ஸாரி தாத்தா" என்றான். பின்னால் ஒரு பெண்பிள்ளை, "எவ்வளவு நீட்டித் தைப்பாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேனா, அழுதேனா என்று கடைக்காரர் கேட்கிறார். எனக்கு முதுகு அவர்கள் பக்கம் இருந்தது, முகத்தை யாரும் பார்க்கவில்லை, விட்டுவிடலாம். பையனை மறுபடியும் வந்து நன்றாக அழுத்திப் பார்க்கச் சொன்னாள் டாக்டரம்மா. இந்தத் தடவை கண்டுபிடித்துவிட்டான்.

வேலையை விட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. விடுகிறேன் என்று சொல்லப் போனவன், கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்ன செய்வது என்று நீ சொல்.

ஆனால் இதைக் கடிதத்தில் சொல்லாதே. வந்து சொல். நீ வராவிட்டால் நான் வருகிறேன். உன் தங்கை வாசலில் நிறுத்தினால் வாசலிலேயே நிற்கிறேன். எனக்கு நிற்பதுதான் பழக்கமாகிவிட்டதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 21

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைத் தங்கைதான் எனக்கு முன்னால் பிரித்தாள். பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன் பரவாயில்லக்கா, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள். சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் பஸ்ஸில் வருகிறேன். கால் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை, மெதுவாகத்தான் இறங்குவேன். கண்டக்டர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தங்கை துணைக்கு வருகிறாள். அவள் உங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், அதனால் வழியெல்லாம் என்னிடம் உங்களைப் பற்றிப் பேசுவாள்.

வேலையை விட வேண்டாம். ஆனால் அந்த அறைக்கு ஒரு நாள் நானும் வருவேன். ஓரமாக நிற்கிறேன், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன், டாக்டரம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அந்தப் பிள்ளைகள் வைக்கிற புள்ளியெல்லாம் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க நம் வீட்டு ஆள் ஒருத்தி வேண்டாமா? உங்களால் பார்க்க முடியாது.

உங்கள் வீட்டுக்காரி